100 வாட்... 5 கி.மீ... அமெரிக்கச் சிற்றூர்களில் ஒலிக்கும் 'குட்டி' கிறிஸ்தவ எஃப்.எம்.கள் எப்படி இயங்குகின்றன?

அமெரிக்காவில் ஒரு சிற்றூர் வழியாக காரில் போகிறீர்கள். ரேடியோவில் தெளிவாக ஒரு கிறிஸ்தவப் பாடல். அது முடிந்ததும், சனிக்கிழமை சர்ச்சில் ரத்த தான முகாம் என்று ஓர் அறிவிப்பு. ஊரைத் தாண்டிய சில நிமிடங்களில் வெறும் இரைச்சல்தான். ரேடியோவில் கோளாறு இல்லீங்க. அந்த ஸ்டேஷனோட எல்லையே அவ்வளவுதான்!

இதற்குப் பெயர் 'லோ பவர் எஃப்.எம்.'. சுருக்கமாக எல்.பி.எஃப்.எம்.

எவ்வளவு சின்னது?

அதிகபட்ச சக்தி 100 வாட். பெரிய எஃப்.எம். நிலையங்கள் 1 லட்சம் வாட் வரை போகும். இது ஏறத்தாழ 5.6 கி.மீ. சுற்றளவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். ஒரு சிற்றூருக்கு அது போதும்.

யாருக்கு லைசென்ஸ்?

அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., 2000-ம் ஆண்டு ஜனவரியில் இந்த வகையை உருவாக்கியது. தனிநபருக்கும் கம்பெனிகளுக்கும் கிடையாது. சர்ச், பள்ளி போன்ற லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு மட்டும்தான்.

பெரிய நிலையங்கள் 'எங்கள் அலைவரிசையில் இடையூறு வரும்' என்று எதிர்த்தன. அதே ஆண்டு நாடாளுமன்றம் கட்டுப்பாடு போட்டது. பெரிய அளவில் இடையூறு இல்லை என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தும், 2011-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

நினைத்த நேரத்தில் விண்ணப்பிக்கவும் முடியாது. 2013-ல் கதவு திறந்தது. புதிய நிலையங்களுக்கு மறுபடியும் திறந்தது 2023-ல்!

காசு எங்கிருந்து வருது?

விளம்பரம் போடக் கூடாது. 'இந்த நிகழ்ச்சிக்கு இன்ன கடை உதவியது' என்று நன்றி சொல்லலாம். 'வந்து வாங்குங்க', 'இவ்வளவுதான் விலை' என்றால் விதிமீறல்.

கரன்ட் பில், பாடல்களுக்கான ராயல்டி, கட்டாயமாக வைக்க வேண்டிய அவசர எச்சரிக்கைக் கருவி என எல்லாச் செலவுக்கும் நன்கொடைதான் வழி. சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதி இல்லாததால், பல இடங்களில் வேலையெல்லாம் தன்னார்வலர்கள் தலையில். ஆள் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் பாட்டு போடும்.

பெரிய நெட்வொர்க் இருக்கே, இது எதுக்கு?

நியாயமான கேள்வி. 'கே-லவ்' போன்ற கிறிஸ்தவ இசை நெட்வொர்க்குகள் அமெரிக்கா முழுக்கக் கேட்கின்றன. பாட்டு மட்டும் போதும் என்றால் அதுவே போதும். ஆனால், நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சி போகும்போது, உங்கள் ஊர் ரத்த தான முகாமை யார் சொல்வது? குட்டி எஃப்.எம்.மின் பலமே அதுதான்.

என்ன ஆபத்து?

சட்டப்படி இது 'இரண்டாம் நிலை' சேவை. பெரிய நிலையத்துக்கு இடையூறு என்றால், இதுதான் வேறு அலைவரிசைக்கு நகர வேண்டும். நகர இடமில்லை என்றால், மூட வேண்டியதுதான்.

இன்னொன்று, கடிகாரம். வாரத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம் ஒலிபரப்ப வேண்டும். மின்னலில் டிரான்ஸ்மிட்டர் எரிந்து, புதிது வாங்கப் பணம் சேராமல், தொடர்ந்து 12 மாதம் மௌனமாக இருந்தால் லைசென்ஸ் பொதுவாகத் தானாகவே காலாவதி. திரும்ப வாங்க, அடுத்த கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அது 10 வருடமாகக்கூட இருக்கலாம்.

அதனால், இந்த ஸ்டேஷன்களுக்குப் பாட்டைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒருவருக்கு வயதாகும்போது, அடுத்து யார் வருவார்?