உஷார்! தொட்டி வாங்கிய அன்றே மீன் விடாதீர்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான்களிலும் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்டு அடம்பிடிப்பார்கள். நாமும் தொட்டி வாங்கிய கையோடு பிளாஸ்டிக் பையில் நாலு மீனையும் வாங்கி வருகிறோம். தயவுசெய்து வேண்டாம்! புதுத் தொட்டித் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். மீன் சாவதும் அதே தண்ணீரில்தான்.

குழாய் நீரின் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும். அதற்குக் கடையில் ஆன்டி குளோரின் இருக்கிறது. சொன்ன அளவு விட்டால் போதும். உண்மையான எமன் அமோனியா. மீனின் கழிவிலும் அழுகும் தீனியிலும் அது ஊறிக்கொண்டே இருக்கும். பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டையும் அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இவை இரண்டுமே இல்லை. ஃபில்டர் பஞ்சில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். போதாக்குறைக்கு, நம் ஊர் வெக்கை அமோனியாவின் நஞ்சைக் கூட்டும். தண்ணீரின் பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சு சுமார் 10 மடங்காகும். அழகுக்குப் போடும் பவளக்கல்லும் சிப்பியும் பி.எச்.-ஐ ஏற்றிவிடும்.

ஆகவே மீனில்லாமலே ஃபில்டரை ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள், நாள் குறையும். சோதனை மருந்து அவசியம் வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்துத் துளிகளை விட்டுக் குலுக்கினால், பெரும்பாலான மருந்துகளில் மஞ்சள் நின்றால் அமோனியா இல்லை, பச்சை ஏறினால் இருக்கிறது. மஞ்சள் திரும்பியதும் கடைக்கு ஓடாதீர்கள். நைட்ரைட் உச்சத்தில் இருக்கும் நேரம் அதுவாக இருக்கலாம். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமான பிறகு இரண்டு மூன்று சிறு மீன் மட்டும் விடுங்கள். "இந்தப் பாட்டிலை ஊற்றுங்கள், இன்றே மீன் விடலாம்" என்று யார் சொன்னாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

தண்ணீர்த் தடையையும் மறக்காதீர்கள். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து 4 சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டதில், கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் குழாய் வறண்டது. அப்படி ஒரு நாளில் அமோனியா ஏறினால் தண்ணீர் மாற்ற வழியே இருக்காது. தடை நீங்கியதும் முதலில் வரும் பழுப்பு நீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

அதற்காக வாளியில் நீர் பிடித்துவைத்தால் இறுக்கி மூடுங்கள். மீனில்லாத தொட்டிக்கும் மூடி வேண்டும். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுமார் ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும்; வீட்டில் கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

டிங்கிக்குப் புகையடிக்க வருகிறார்களா? அதில் கலக்கும் பைரெத்ராய்டு மருந்து மீனுக்குக் கொடிய விஷம். காற்று பம்ப் அந்தப் புகையை இழுத்து நேரே தண்ணீருக்குள் செலுத்திவிடும். உடனே பம்பை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். புகை கலைந்ததும் தாமதிக்காமல் பம்பைப் போடுங்கள். இந்த வெக்கையில் தண்ணீரில் பிராணவாயு சீக்கிரம் குறைந்துவிடும்.