ஏழு வெற்றி போதுமா?



ஆண்டு மலரில் கம்ப்யூட்டர் கேம் பற்றிக் கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள்; ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள். நான் இந்த வருடம் மினி புராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொண்டது ஒரு போர் விளையாட்டைத்தான். அதில் நான் செய்த தவறும், அதிலிருந்து கற்றதும் எல்லாத் துறை நண்பர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

விளையாட்டின் பெயர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 1999-ல் வந்தது; 2019-ல் புதிய பதிப்பு வந்தது. 2022 ஏப்ரலில் வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என மூன்று புதிய தரப்பினர் சேர்க்கப்பட்டார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை நாமே நடத்திப் பார்க்கலாம். சுருள்வாள் வீரர்கள் உண்டு. 'ஊட்ஸ்' எனப்படும் உருக்கு எஃகும் உண்டு. நம்ம நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, பழங்காலத்தில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதை நினைத்துக்கொண்டு ஆடினால் தனி மகிழ்ச்சி!

சரி, எதிரில் ஆடும் கம்ப்யூட்டருக்கு மூளை எங்கிருந்து வந்தது? பெரிய மாயம் ஒன்றும் இல்லை. நோட்பேடில் திறக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பில் விதிகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 'இன்ன நிலை இருந்தால், இன்ன வேலையைச் செய்' என்பதுதான் ஒவ்வொரு விதியும். உணவு 50 இருந்தால் ஒரு குடியானவரை உருவாக்கு; இத்தனை வீரர்கள் சேர்ந்தால் தாக்கு, இப்படி. கம்ப்யூட்டர் இவற்றை மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்கும். நாமும் விதிகளை எழுதலாம், எண்களை மாற்றலாம்.

மாற்றுவது சுலபம். மாற்றியது நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எங்க அப்பத்தா ஆடு புலி ஆட்டம் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். புலி 3, ஆடு 15. இரண்டு பக்கமும் சமமே இல்லை. ஆனாலும் ஆட்டம் விறுவிறுப்பாகப் போகிறது. ஆட்டை 10 ஆக்கினால் புலிக்குக் கொண்டாட்டம். 25 ஆக்கினால் புலி நகர இடமிருக்காது. ஒரே ஒரு எண் மாறினால் மொத்த ஆட்டமும் சாய்ந்துவிடும்.

நான் ஒரு எண்ணோடு நிறுத்தவில்லை. மூன்றை ஒன்றாக மாற்றினேன். தாக்குதலுக்குத் தேவையான வீரர் எண்ணிக்கையைக் குறைத்தேன். மரம் வெட்டுவோரைக் கூட்டினேன். தங்கம் எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைத்தேன். பிறகு பழைய மூளையையும் என் மூளையையும் மோதவிட்டேன். 10 ஆட்டத்தில் எனக்கு 7 வெற்றி! 'வெற்றி விகிதம் 70 சதவீதம்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டேன். வகுப்பு முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

அன்று ராத்திரி அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா சோமனூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "தறியில நூல் அறுந்துட்டே இருந்தா ஒரு எடத்துல மட்டும் திருகிப் பாக்கோணும் கண்ணு. நாலு எடத்துல ஒண்ணாத் திருகுனா, எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு எப்புடித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமமான இருவர் 10 ஆட்டம் ஆடினால், அதிர்ஷ்டத்தாலேயே குறிப்பிட்ட ஒருவர் 7 அல்லது அதற்கு மேல் வெல்ல 1024-ல் 176 வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய ஆறில் ஒன்று! நாணயத்தைச் சுண்டியே என் 'சாதனை'யைச் செய்திருக்கலாம்.

எனவே சோதனையை ஒழுங்காக அமைத்தேன். நண்பர்களே, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. இரு பக்கமும் ஒரே தரப்பினரை, இங்கே திராவிடரை, வைக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் மூளையில் மட்டும் இருக்கும்.

2. தொடங்கும் இடத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரு மூலையில் தங்கம் பக்கத்தில் கிடைக்கலாம்.

3. நிலம், நீர் இரண்டு வகை வரைபடத்திலும் ஆட வேண்டும். திராவிடர் கடலில் வல்லவர்கள், குதிரைப் படையில் மெலிந்தவர்கள். ஒரு வரைபடத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

4. எத்தனை ஆட்டம் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். நமக்குச் சாதகமாக இருக்கும்போது நிறுத்திக்கொள்வது ஏமாற்று வேலை.

நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. 50 ஆட்டம். முடிவு: என் மூளை 26, பழையது 24. அவ்வளவுதான்!

அதோடும் முடியவில்லை. எட்டாவது படிக்கும் என் தங்கையை ஆடச் சொன்னேன். என் படை ஐந்தே பேராகச் சீக்கிரம் வந்தது. அவள் மணியை அடித்துக் குடியானவர்களை எல்லாம் நகர மையத்துக்குள் ஏற்றினாள். உள்ளிருந்து அம்பு மழை! ஐவரும் காலி. "இவ்வளவுதானா அண்ணா?" என்றாள். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் மோதிய 50 ஆட்டத்தில் தெரியாத ஓட்டை, ஒரு மனுஷி ஆடிய ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிட்டது. ஆகவே ஐந்தாவது விதி: கடைசியில் ஆளை வைத்தும் சோதிக்க வேண்டும். விளையாட்டு ஆளுக்காகத்தானே?

ரெக்கார்டு நோட்டில் அந்த 70 இன்னும் இருந்தது. அடித்தால் மார்க் போகுமோ என்று பயம். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஒவ்வொரு மார்க்கும் அப்பாவின் தறிக்கூலி. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு 70-ஐ அடித்து, பக்கத்தில் 26-24 என்று எழுதி, ஏன் என்ற காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன். இப்போது மூன்று மாற்றங்களையும் தனித்தனியாகச் சோதித்து வருகிறேன்.

நாளை நம்மில் பலர் பம்ப் கம்பெனியிலும் பவுண்டரியிலும் சோதனை மேடையில் நிற்போம். அங்கே தவறான எண் எழுதினால் தோற்பது பொம்மைப் படை அல்ல, ஒரு விவசாயியின் கிணற்று மோட்டார். அன்று ஞாபகம் வையுங்கள் தோழர்களே: ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகு!