ஆட்டோகேடில் காணாமற்போன ஸ்கெட்ச்

பருவத் தேர்வுக்கான வரைபடங்களைச் சமர்ப்பிக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க, ஆட்டோகேட் பயிலும் மாணவர்களிடமிருந்தும் சிறு கட்டட வரைவு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் வரும் கடிதங்களில் ஒரே முறையீடு மீண்டும் மீண்டும் காணப்படுகிறது: ஏரிக்கரை, ஓடை, தோப்பு முதலிய ஒழுங்கற்ற எல்லைகளைக் கையோட்டமாக வரைவதற்குரிய ஸ்கெட்ச் என்னும் வசதி பாடக் குறிப்பில் இருக்கிறது, திரையில் இல்லை. புதிய பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள் என்று சிலரும், மாணவர் உரிமத்தில் அது கிடையாது என்று வேறு சிலரும் நிச்சயமாகவே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் உண்மையல்ல.

நாம் வழக்கமாகத் திறக்கும் இருபரிமாண வொர்க்ஸ்பேஸின் ரிப்பனில் அதற்குப் பொத்தான் இல்லை, அவ்வளவே. கமாண்ட் லைனில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் கொடுத்தால், கட்டளை உடனே விழித்துக்கொள்ளும். 2009ஆம் பதிப்பில் ரிப்பன் புகுந்த நாள் முதல், எந்தக் கட்டளைக்குப் பொத்தான் உண்டு, எதற்கு இல்லை என்பதை நிர்ணயிப்பது அந்தந்த வொர்க்ஸ்பேஸின் அமைப்புதானே ஒழிய, கட்டளை நிரலில் இருப்பதும் இல்லாததும் அன்று. இவ்வகை ஏற்பாட்டை எளிமையாக்கம் என்று வர்ணிப்பது மென்பொருள் உலகத்தின் வழக்கம். பெயர் தெரிந்தவனுக்கு மட்டுமே அகப்படுகிற கருவியை எளிமை என்ற சொல்லால் அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் பொத்தானைத் தேடும் கவலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது; கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்கவேயில்லை. இந்தக் கட்டளைக்குக் கைவரைவு என்ற விளக்கம் தரப்படுகிறதே, அந்த விளக்கத்தை முழுவதும் நம்பிவிடலாகாது. மௌஸ் ஓடிய பாதையை ஆட்டோகேட் அப்படியே ஏற்பதில்லை. இன்க்ரிமென்ட் என்றொரு நீளம் குறிக்கப்பட்டிருக்கிறது. கர்சர் கடைசியாகப் பதிவான புள்ளியிலிருந்து அந்த நீளத்துக்கு அப்பால் நகர்ந்த பிறகே அடுத்த புள்ளி பதிவாகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு விழுகிறது. ஆகவே திரையில் வளைவாகத் தோன்றுவது, உள்ளபடிக்குச் சின்னஞ்சிறு நேர்கோடுகளின் வரிசையே.

இந்த நீளம் திரையில் அளக்கப்படுவதன்று, வரைபடத்தின் அலகில் அளக்கப்படுவது என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மீட்டரை அலகாகக் கொண்ட ஒரு மனை வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஏரிக்கரையை இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்க்ரிமென்ட் 10 ஆனால் ஏறத்தாழ 200 துண்டுகளில் கரை முடிந்துவிடும்; 1 ஆனால் 2,000 வரை போகலாம்; 0.1 என்று வைத்துப் பார்வையை நெருக்கிக்கொண்டு வரைந்தால் 20,000 வரை பெருகி, கரையின் நெளிவோடு உங்கள் மணிக்கட்டின் நடுக்கமும் சேர்ந்து பதிவாகும். இதற்கு மாறாக, 5 மீட்டர் அகலமே தெரியும்படி பார்வையை நெருக்கி வைத்துக்கொண்டு, இன்க்ரிமென்ட் 10 என்று விட்டுவிட்டால், எத்தனை இழுத்தாலும் திரையில் ஒன்றுமே விழாது. "கட்டளை வேலை செய்யவில்லை" என்று வந்த கடிதங்களில் சிலவற்றுக்கேனும் இதுவே காரணமாக இருக்கலாம். இடைவெளி விட்ட கோட்டு வகையைத் தேர்ந்தும் கோடு முழுக்கோடாகவே விழுகிறதென்பாருக்கும் விடை இங்கேயே இருக்கிறது: துண்டின் நீளம் கோட்டின் இடைவெளியைவிடக் குறைந்துவிட்டால், அந்த இடைவெளி வெளிப்பட வழியில்லை.

மேலும், எதையும் மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் கோடாகவே நிற்கும். 2,000 கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்துவது மனிதரால் ஆகிற காரியமன்று. எனவே கட்டளையைத் தொடங்கியவுடன் டைப் என்ற விருப்பத்தில் பாலிலைனைத் தேர்ந்துகொள்ளுங்கள்; ஒரே இழுப்பில் வரைந்த கரை ஒரே பொருளாகும், ஹேட்ச் இடவும் பரப்புக் கணக்கிடவும் சௌகரியம். ஸ்ப்லைனைத் தேர்ந்தால் டாலரன்ஸ் 0 முதல் 1 வரை. 0க்கு நெருங்க நெருங்க வளைவு உங்கள் இழுப்போடு ஒட்டி நிற்கும்.

என்னை உண்மையில் கலங்கச் செய்வது இதுதான். இவ்வாறு உத்தேசமாக இழுத்த கோட்டுக்கும் ஆட்டோகேட் நீளத்தையும் பரப்பையும் தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்களோடு சொல்லிவிடுகிறது. அச்சிட்ட தாளில் அது சர்வேயர் அளந்த கோட்டோடு பேதமின்றி நிற்கிறது. இன்க்ரிமென்டை மாற்றி வரைந்தால் பரப்பும் மாறும். நிலத்தின் எல்லையை நிர்ணயிக்கும் வரைபடத்தில் ஸ்கெட்ச்சைப் பிரயோகிப்பது தவறு என்பதே என் திடமான அபிப்பிராயம்.

காணாமற்போனது என்று நியாயமாகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. பழைய பதிப்புகளில் இதே கட்டளைக்குள் பென், ரெக்கார்டு, எரேஸ், கனெக்ட் என்ற விருப்பங்கள் இருந்தன; வரைந்ததைப் பதிவு செய்வதற்கு முன், வந்த வழியே பின்னோக்கிச் சென்று வேண்டாத பகுதியை அழிக்கலாம், விட்ட இடத்திலிருந்து கோர்த்துத் தொடரலாம். இன்று மௌஸின் பொத்தானை அழுத்தி இழுப்பதும், விட்டால் நிற்பதும், என்டர் கொடுத்து முடிப்பதுமே மிஞ்சின. விவேகமான ஒரு ஏற்பாட்டை இழந்துவிட்டோம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கோடு படிக்கட்டுப்போல் விழுகிறதா? எஃப்8ஐ அழுத்தி ஆர்த்தோவையும், எஃப்9ஐ அழுத்தி ஸ்னாப்பையும் நிறுத்துங்கள்.

கமாண்ட் லைனே இல்லையா? கன்ட்ரோலும் 9உம்.

ரிப்பன் மறைந்துவிட்டதா? ரிப்பன் என்றே தட்டுங்கள்.

பழைய கிளாசிக் வொர்க்ஸ்பேஸ் எங்கே? 2015ஆம் பதிப்போடு நிறுத்தப்பட்டது.

எல்டி பதிப்பில் பாராமெட்ரிக் கட்டுப்பாடுகளைப் புதிதாக இட முடியவில்லையா? முடியாது, பிறர் இட்டவற்றைக் கையாள மட்டுமே அதில் அனுமதி.

சமர்ப்பிக்கும் மாணவர்கள் தாளின் மூலையில், கையோட்டமாக வரைந்த எல்லை எது, அளந்து வரைந்த எல்லை எது என்பதை ஒரு வரியில் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறேன்.