மூன்று மணி நேரம்!

லாரி மோதித் தூக்கி எறியப்பட்டவன், சாரத்திலிருந்து சறுக்கி விழுந்த கொத்தனார், இயந்திரத்திலே கையைக் கொடுத்துவிட்ட தொழிலாளி - இவர்களெல்லாம் ஏன் சாகிறார்கள், தோழர்களே? "விதி முடிந்தது, விளக்கு அணைந்தது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளிலே போட்டுக் கொள்வோர் உண்டு. நாம் அந்த விடையை ஏற்பதற்கில்லை. மருத்துவரைக் கேட்டால் வேறு விடை வருகிறது. தலையிலே பட்ட அடி ஒரு காரணம். இரத்தம் வடிந்து தீர்வது மற்றொன்று. வெளியே வடிந்தால் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுக்குள்ளே வடிந்தால்?

உடல் வாளாவிருப்பதில்லை. ஏரிக்கரை உடைந்தால் ஊர் கூடி மண்மூட்டை போட்டு அடைக்கிறதல்லவா, அதுபோல இரத்தம் நூல் நூலாய்த் திரண்டு உடைப்பை அடைக்கிறது. ஆனால் அடைத்ததைக் கரைக்கும் பொருளும் அதே உடலிலே இருக்கிறது. பிளாஸ்மின் என்று பெயர். புண் ஆறியபின் அடைப்பை அகற்றுவது அதன் வேலை. பலத்த அடிபட்டவன் உடலிலோ அது வேளை கெட்ட வேளையில் விழித்துக் கொள்கிறது! முன்னே மூட்டை போடப் போட, பின்னே ஒருவன் உருவிக்கொண்டே போனால் கரை நிற்குமா?

உருவுகிற கையைப் பிடித்து நிறுத்த மருந்து கண்டவர் ஒரு பெண்மணி. ஜப்பான் நாட்டு உத்தாகோ ஒக்கமோட்டோ. போரிலே டோக்கியோ சாம்பலாகிக் கிடந்த காலத்துக்குப் பிறகு, கணவர் சோசுகேயுடன் ஆராய்ச்சியில் இறங்கினார். ஏன் இரத்தத்தை ஆராய்ந்தார்கள்? பணமில்லை, இரத்தமானால், போதாவிட்டால் தம் உடம்பிலேயே எடுத்துக் கொள்ளலாமே! குழந்தையை முதுகிலே கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நின்றார் அந்த அம்மையார். ஆய்வைப் படிக்க மேடை ஏறியபோது, "நடனம் ஆடப் போகிறாயா?" என்று கேட்டார்களாம் கற்றறிந்த ஆண்மக்கள். அவர் ஆடவில்லை; 1962-இல் டிரானெக்சாமிக் அமிலத்தை உலகுக்கு அறிவித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. அடிபட்டவனைக் காக்குமா இம்மருந்து என்று பெரிய அளவிலே சோதித்துப் பார்த்த முடிவு வெளிவந்தது எப்போது தெரியுமா? 2010-இல்! இடையிலே நாற்பத்தெட்டு ஆண்டுகள்! எத்தனை தாலி அறுந்ததோ, யார் கணக்கெடுத்தார்கள்?

'கிராஷ்-2' என்பது சோதனையின் பெயர். லண்டன் மருத்துவப் பள்ளியொன்றின் பேராசிரியர் அயன் ராபர்ட்ஸ் குழுவினர் நடத்தியது. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். இந்திய நோயாளிகளும் அதிலே உண்டு. பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு மருந்தற்ற நீர். எது எவருக்கு என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 16 பேர் மாண்டனர், பெற்றோரில் 14.5. ஒன்றரைதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்! ஆயிரம் பேரில் பதினைந்து உயிர் அது. பழைய மருந்து, மலிவான மருந்து. 2011-இல் உலக சுகாதார நிறுவனம், காயம்பட்டோருக்கான இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலே இதைச் சேர்த்தது.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். முதல் மணியிலேயே ஏற்றினால் பலன் மிகுதி. மூன்று மணி கடந்து கொடுத்தபோதோ, இரத்தம் வடிந்து இறந்தோர் தொகை கூடியது! ஆகவே, தாமதமாகக் கொண்டுபோனவன் கேட்டாலும் மருத்துவர் தயங்குவார். அவர் மீது பாய்ந்து பயனில்லை.

அந்த மூன்று மணி நம் கையிலல்லவா இருக்கிறது! சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதிலே ஒரு மணி. "தொட்டால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களே" என்று தயங்குவதிலே ஒரு மணி. அந்த அச்சத்துக்கு இன்று இடமில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 134-ஏ பிரிவிலே, நல்லெண்ணத்தோடு உதவியவன் மீது வழக்குத் தொடர முடியாதென்று எழுதியிருக்கிறது. அவன் பெயரையும் முகவரியையும் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாதென்று 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நம் மன்றங்களின் கரும்பலகையிலே இந்த இரண்டு செய்தியையும், 108 என்ற எண்ணையும் எழுதி வையுங்கள்.