சுவர்க்கறை சொல்லாத கணக்கு

வெள்ளம் வடிந்ததும் சுவரில் படிந்த கறையை அளந்து, இத்தனை அடித் தண்ணீர் என்று குறித்துக்கொள்கிறோம். அந்த வீடு எவ்வளவு விசையைத் தாங்கியது என்பதை அந்த ஓர் எண் சொல்வதில்லை என்பதே என் குறை.

தேங்கி நிற்கும் ஒரு மீட்டர் ஆழ நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மீதும் ஏறத்தாழ 500 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்தும். ஆழம் இரு மீட்டரானால் அது 2,000 கிலோ ஆகும். இரு மடங்கன்று, நான்கு மடங்கு. உள்ளேயும் அதே மட்டத்துக்கு நீர் புகுந்துவிட்டால் இருபுற அழுத்தமும் ஈடாகிவிடும். எனவே மணல் மூட்டைகளை அடுக்கி நீரை முற்றாகத் தடுப்பது, ஓரளவுக்கு மேல் சுவருக்கே ஆபத்து. அமெரிக்க வெள்ளக் காப்பீட்டு விதிகள், வாழ்தளத்துக்குக் கீழே சுவரால் அடைத்த பகுதியில், சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலம் வீதம் திறப்பு விடச் சொல்வது இதனால்தான்.

ஓடும் நீரின் கதை வேறு. வேகம் இரட்டித்தால் மோதும் விசை நான்கு மடங்காகும். 2005இல் கத்ரினா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில், கால்வாய்ச் சுவர் உடைந்த இடத்தை ஒட்டிய மரவீடுகள் அடித்தளத்தை விட்டே பெயர்ந்தன. மெல்ல உயர்ந்த நீரில் நாள்கணக்கில் ஊறிய வீடுகள் பல, பாழானாலும் நின்ற இடத்தில் நின்றன.

வேகத்தையும் கறையிலிருந்தே மதிப்பிடலாம். ஓட்டத்தை எதிர்கொண்ட சுவரில் நீர் சற்று மேலேறும். அருகில் தடையின்றி ஓடிய நீர்மட்டத்தைவிட அங்கே கறை 20 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர். கணக்கெடுக்க வருவோர் இவ்விரு கறைகளையும் குறிக்க வேண்டும். அடுத்த மழை கழுவிவிடுமுன்.