முழங்காலுக்கு ஒரு கவசம்

மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியே ஸ்பிட்டி செல்லும் கற்பாதையில், ஓடைகளைக் கடக்கும்போது நிலைதடுமாறிக் காலை ஊன்றுவது மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்க்கு இயல்பு. பாதம் கற்களிடையே சிக்கி வண்டி சாய்ந்தால், முழங்கால் முறுக்குண்டு மூட்டு நார் கிழியக்கூடும்.

சாதாரண ‘நீ கார்டு’ அடியையே தாங்கும். இருபுறமும் கீல் பொருத்திய ‘நீ பிரேஸ்’, மூட்டு அளவுமீறி நீள்வதைத் தடுக்கவும் முறுக்கத்தைக் குறைக்கவும் உருவானது.

வாங்குமுன் தொடை, முழங்கால், கெண்டைக்கால் ஆகியவற்றின் சுற்றளவை அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையுடன் ஒப்பிடுவோம். கீல் மூட்டின் நடுவில் அமைகிறதா, பூட்ஸுடன் உரசுகிறதா என்று அணிந்து, அமர்ந்தும் நின்றும் பார்ப்போம். இரு கால்களுக்கும் வாங்குவதே முறை.

புறப்படுமுன், நம் விபத்துக் காப்பீட்டுப் பத்திரம் சாகசப் பயணங்களை விலக்குகிறதா என்பதையும் படித்தறிவோம். மூட்டு அறுவைச் சிகிச்சையின் செலவு, கவசத்தின் விலையினும் பெரிதாகலாம்.