குட்டைப் பாசிக்குத் தீனியை நிறுத்துங்கள்

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளில் பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் கிடைக்கிறது. அதைப் பண்ணைக்குட்டையில் தேக்கி மீன் வளர்ப்பவர்களுக்குக் கோடையில் பாசி பெருந்தொல்லை. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

அவசரப்பட்டு மயில்துத்தம் கொட்டினால், மடிந்த பாசி மொத்தமாக அழுகும். மிச்ச ஆக்சிஜனும் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும்.

பாசிக்குத் தீனி தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். தொழுவக் கழிவும், உரமிட்ட வயலின் வடிநீரும் குட்டைக்குள் இறங்காமல் வரப்பு போடுங்கள். இழைப்பாசியை வாரி, எருக்குழியில் சேருங்கள். கரையில் குவித்தால் மழையோடு சத்து திரும்பிவிடும்.

கையை முழங்கை வரை நீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரியாவிட்டால் சாணம், உரம், தீவனத்தை நிறுத்தி, கிணற்று நீரை விடியலுக்கு முன் உயரத்திலிருந்து விழும்படி விடுங்கள்.